சேது வழியும் சோற்று மணியும்

மூர்த்தி, தலம், தீர்த்தம் என்னும் மூன்றன் பெருமையையும் விரித்துரைக்கும் நூல்கள் நம் நாட்டில் மிகப் பல. தலபுராணம் இல்லாத பழந்தலம் அரிது. ஆனால் அத்தலத்தை அடைய அடியவர்கள் கால் கடுக்க நடந்து சென்ற வழிக்கென்று ஒரு புராணம் பாடினோரைக் காண்பது அரிதாக இருக்கிறது. இக்குடமுழுக்கு மலரிலே கோபுரத்தைப்பற்றியும், கருவறையைப்பற்றியும், திருமேனிகளைப்பற்றியும் அறிஞர் பலர் எழுதியிருப்பர். அடியேன் கோயில் வாயிலுக்கு வெளியே நின்று, வழியைப்பற்றிச் சில சொல்ல விழைகின்றேன்.

வழிநடைத் துன்பம் இறைவனுக்கே பொறாத ஒன்று என்பதைச் சேக்கிழார் பெருமான் இருமுறை காட்டுகின்றார். சுந்தரமூர்த்தி நாயனார் திருக்குருகாவூருக்குச் செல்லும் வழியில் பசியாலும் நீர்வேட்கையாலும் வருந்தியபோது, பெருமான் அந்தணர் வடிவில் வந்து, வழியிலே பந்தரிட்டு, பொதிசோறும் தண்ணீரும் வைத்துக் காத்திருந்தார். திருநாவுக்கரசு நாயனார் திருப்பைஞ்ஞீலிக்கு நடந்தபோதும், குளமும் சோலையும் உண்டாக்கி, கட்டுச்சோற்றுடன் எதிர்வந்து, உண்பித்து, துணையாக உடன் நடந்து சென்றார். ஆலகால நஞ்சை உண்டவன் என்று போற்றப்படும் பெருமான், தன் தொண்டனுக்காகச் சோற்று மூட்டையைச் சுமந்து வழியோரத்தில் உட்கார்ந்திருந்தான் என்பதில் உள்ள நயத்தை எண்ண எண்ண நெஞ்சம் உருகுகின்றது. இனி, திங்களூர் அப்பூதி அடிகள் தாம் அமைத்த தண்ணீர்ப் பந்தருக்குத் திருநாவுக்கரசு என்று பெயரிட்டதையும், நாவுக்கரசர் பெருமான் அவ்வழியே வந்து அப்பெயரைக் கண்டு வியந்ததையும் அறியாத சைவர் இலர். தாம் கண்ணாற் காணாத ஒருவர் பெயரால், தாம் பெயரறியாத வழிப்போக்கர் அனைவர்க்கும் தண்ணீர் வார்த்தவர் அப்பூதியார். நம் நாட்டு வழியறத்தின் வேர் அந்தப் பந்தரிலே இருக்கின்றது.

அவ்வறம் ஏட்டோடு நின்றுவிடவில்லை, கல்லிலும் நின்றது. தருமபுரிப் பகுதியிலே அதியமான் பெருவழி என்னும் பழஞ்சாலையின் காதக் கற்கள் கிடைத்துள்ளன. நாவற்றாவளம் என்னும் ஊருக்கு இன்னும் எத்தனை காதம் என்று அவை அறிவிக்கின்றன. ஒன்றிலே 29 காதம் என்று எழுதப்பட்டிருப்பதோடு, எழுத்தறியாதாரும் விரலால் தடவி அறியுமாறு, பத்துக்களுக்குப் பெரிய குழியும் ஒன்றுகளுக்குச் சிறிய குழியுமாகக் கல்லிலே குடைந்து வைத்திருக்கின்றனர். படிக்கத் தெரியாதவனும் வழி நடப்பான், அவனுக்கும் தொலைவு தெரியவேண்டும் என்று எண்ணிய உள்ளம் எத்துணைப் பெரிது!

இக்காதக் கற்களினும் எளியவை சுமைதாங்கிக் கற்கள். இரண்டு கற்களை நாட்டி, அவற்றின்மேல் ஒரு பலகைக் கல்லைக் கிடத்தியிருப்பர். உயரம் ஒரு மனிதனின் தலையளவு. தலைச்சுமையோடு வருபவன் பிறர் உதவியின்றித் தானே சுமையை அதன்மேல் இறக்கலாம். இளைப்பாறிய பின் தானே மீண்டும் தலைக்கு ஏற்றிக்கொள்ளலாம். தனியாக நடப்பவனுக்கு இதைவிடப் பெரிய உதவி வேறில்லை. கருவுற்ற நிலையில், சுமையை இறக்கி வைக்காமலே மாண்டுபோன பெண்ணின் நினைவாக அவள் வீட்டார் இக்கல்லை நடுவது நம் சிற்றூர்களின் வழக்கம். பிறர் சுமை இறங்க இறங்க, இறந்தவளின் சுமையும் இறங்கும் என்பது அவர்கள் நம்பிக்கை. இதனை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகின்றேன்; பின்னர் இதனிடம் மீண்டும் வருவோம்.

மதுரையை 1689 முதல் 17 ஆண்டுகள் ஆண்ட இராணி மங்கம்மாள் சாலை அமைத்ததும், இருபுறமும் மரம் வைத்ததும், சத்திரங்கள் கட்டியதும் யாவரும் அறிந்தவை. மதுரை இரயில் நிலையத்திற்கு எதிரே அவர் பெயரால் விளங்கும் சத்திரத்தை அறியாத யாத்திரிகர் இலர். தென்பாண்டி நாட்டின் ஊர்கள் பலவற்றில் மங்கம்மாள் சாலை என்ற பெயர் இன்றும் மக்கள் நாவில் வழங்குகின்றது. அவரைப்பற்றி எழுதியோர் பலர் ஆதலின், அதிகம் பேசப்படாத வேறொரு வழிக்குச் செல்வோம்.

தஞ்சையிலிருந்து இராமேசுவரத்திற்குச் செல்லும் சேது வழியே அது. காசிக்கும் சேதுவுக்கும் உள்ள உறவு பாரத நாட்டைக் கட்டிய கயிறு. சேதுவிலே நீராடி, அங்குள்ள மணலை எடுத்துச் சென்று பிரயாகையின் திரிவேணியில் சேர்த்து, அங்கிருந்து கங்கை நீரைக் கொணர்ந்து இராமநாதப் பெருமானுக்கு அபிடேகம் செய்வித்தால்தான் காசி யாத்திரை நிறைவெய்தும் என்பது முன்னோர் கொள்கை. ஆகவே வடக்கே இருந்து கங்கைச் செம்பு தாங்கிய பைராகிகளும், மராட்டியரும், தெலுங்கரும், கன்னடரும் தெற்கு நோக்கி நடந்தனர். இரயில் இல்லாத அக்காலத்தில் அவர்களுட் பலர்க்குத் தஞ்சை நாடு தவிர்க்க முடியாத வழி.

காவிரியின் கிளையாறுகள் பாயும் தஞ்சை வளநாட்டில் நடப்பது துன்பமன்று. ஒரு ஊரின் ஆலமர நிழல் முடியுமுன்னே அடுத்த ஊரின் கோபுரம் தோன்றும். வாய்க்கால் நீர் எங்கும் ஓடும். வாழையும் தென்னையும் வயலுமாக வழி குளிர்ந்திருக்கும். தஞ்சை நகரைக் கடந்து தெற்கே சென்றால் நிலத்தின் முகம் மாறிவிடும். இன்று அப்பகுதியில் பேருந்தில் செல்பவர்கள் இருபுறமும் பசிய வயல்களையே காண்கின்றனர். அது கல்லணைக் கால்வாய் தந்த பசுமை. மேட்டூர் அணை 1934-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட காலத்தை ஒட்டி வந்த அக்கால்வாயைத் தஞ்சை மக்கள் இன்றும் புது ஆறு என்றே அழைக்கின்றனர். அதற்கு முன்னர் ஒரத்தநாடும் பட்டுக்கோட்டைச் சீமையும் பெரும்பாலும் மழையையும் ஏரியையும் நம்பிய மேட்டுநிலங்கள். சித்திரை வெயிலிலே அவ்வழி நடந்த யாத்திரிகனுக்கு, நிழலும் நீரும் யார் வைத்தார் என்பதே உயிர் வினாவாக இருந்திருக்கும்.

வைத்தவர்கள் தஞ்சை மராட்டிய அரசர்கள். சரியாகச் சொன்னால், அவர்களும் அவர்கள் குலத்துப் பெண்களும். பிரதாபசிம்ம மன்னர் (1739–1763) காலம் தொட்டுச் சத்திரங்கள் பெருகலாயின. அவற்றுட் பல அரச மகளிரின் பெயர் தாங்கியவை. நீடாமங்கலத்துச் சத்திரம் யமுனாம்பாள்புரம். ஒரத்தநாட்டுச் சத்திரம் முத்தாம்பாள்புரம். ஒவ்வொன்றுக்கும் சோற்றுச் செலவுக்கு நிலங்களும் ஊர்களும் மானியமாக விடப்பட்டன. கட்டடம் கட்டுவது ஒருநாட் செயல், சோறு போடுவது ஊழி ஊழியாக நடக்கவேண்டிய செயல் என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர். கணக்குகள் மோடி எழுத்திலே எழுதப்பட்டன. அத்தகைய மோடி ஆவணங்கள் கட்டுக்கட்டாகத் தஞ்சைச் சரசுவதி மகாலில் இருக்கின்றன.

இங்கேதான் வரலாற்றின் ஒரு கடினமான வேளை வருகின்றது. இரண்டாம் சரபோசி மன்னர் 1798-ல் அரியணை ஏறினார். அடுத்த ஆண்டிலேயே, 1799-ல், கும்பினியாருடன் ஓர் உடன்படிக்கை செய்துகொள்ள நேர்ந்தது. நாட்டின் ஆட்சி முழுவதும் கும்பினியிடம் போயிற்று. மன்னருக்கு எஞ்சியவை தஞ்சைக் கோட்டையும், ஆண்டுக்கு ஒரு லட்சம் வராகனும், நிகர வருவாயில் ஐந்தில் ஒரு பங்குமே. வரி தண்டும் உரிமை போனபின், சத்திரங்களுக்கு விட்ட ஊர்களின் கதி யாது? கும்பினியின் கணக்கர்கள் கண்ணுக்கு ஒரு சத்திரம் என்பது செலவுப் பத்தியில் ஒரு வரி. அதை அடித்துவிட்டால் வருவாய் கூடும்.

இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயதே நிரம்பிய மன்னர், 1801-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், தஞ்சையில் இருந்த கும்பினியின் ரெசிடெண்டு பெஞ்சமின் டோரின் துரைக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். அரசிழந்த ஒருவர் எழுதிய கடிதங்களுள் அது தனித்தன்மை வாய்ந்தது என்பது அடியேன் கருத்து. அதிலே அவர் தமக்காக ஒன்றும் கேட்கவில்லை. சத்திரங்களில் நாள்தோறும் நடப்பது யாது என்பதைப் பொறுமையாக, ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துரைத்து, இவை தம் முன்னோர் நிறுவியவை, சேது செல்லும் யாத்திரிகருக்காக அமைந்தவை, இவற்றைத் தம் பொறுப்பிலேயே விட்டுவிடவேண்டும் என்று வேண்டுகின்றார். தஞ்சை நாடு அறத்தால் பெயர்பெற்ற தர்மராஜ்யம் என்று சொல்லப்படுவதையே தம் பட்டங்களுள் மேலானதாகக் கருதுவதாகவும் அவர் கூறுகின்றார்.

அக்கடிதம் காட்டும் காட்சியைச் சற்று நின்று காண்போம். அந்தணர் முதல் பறையர் ஈறாக எல்லாக் குலத்தாரும், சோகிகள், சங்கமர், பைராகிகள் முதலிய பல வகைத் துறவியரும் சத்திரத்திற்கு வருகின்றனர். வருவோர்க்கெல்லாம் சோறு உண்டு. சமைத்த சோற்றை ஏற்காதவர்க்கு அரிசியும் மற்றப் பொருள்களும் அளிக்கப்படுகின்றன. படியளப்பது நள்ளிரவு வரை ஓய்வதில்லை. நள்ளிரவு ஆனதும் மணி அடிக்கப்படுகின்றது. இன்னும் உண்ணாதவர் எவரேனும் உளரேல் வந்து உண்க என்று கூவி அழைக்கின்றனர். அதன் பின்னரே அடுக்களை மூடப்படும். இருட்டிலே தாமதித்து வந்து, கேட்பதற்கு நாணி, திண்ணையின் மூலையிலே பசியோடு படுத்துவிட்ட ஒருவன் இருக்கக்கூடும் என்று எண்ணி அவனுக்காகவே அடிக்கப்பட்ட மணி அது.

வழியிலே நோயுற்றவர்க்கு மருந்தும் பத்திய உணவும் கிடைத்தன. பிணி தீர்க்கும் மருத்துவரோடு, பாம்பு முதலியவற்றின் நஞ்சிறக்கும் மருத்துவரும் இருந்தனர். காட்டு வழியில் இரவும் பகலும் நடப்பவர்க்கு இரண்டாமவரே முதலில் வேண்டப்படுவர். சத்திரத்திலே ஒருவர் இறந்துபட்டால் அவரவர் குல வழக்கப்படி ஈமக்கடன் செய்விக்கப்பட்டது. குழந்தைகளுக்குப் பால் தரப்பட்டது. கருவுற்று வரும் பெண்களுக்குப் பேறுகாலச் செலவும் மருந்தும் சத்திரத்தையே சார்ந்தவை. பேற்றுக்குப் பின்னும் சில காலம் அங்கேயே தங்கலாம். யாத்திரையின் இடையே தாய் தந்தையரை இழந்த பிள்ளைகள் சத்திரத்து ஆசிரியரிடம் ஒப்படைக்கப்பட்டனர். அவர்களுக்கு நாள்தோறும் மூன்று வேளை உணவு, நான்கு நாளைக்கு ஒருமுறை எண்ணெய் நீராட்டு, உடை, மருந்து. எந்தக் கலையில் விருப்பம் உண்டோ அதிலே பயிற்சி. பயின்று தேர்ந்தபின் திருமணச் செலவும் சத்திரத்தினுடையதே. ஊர் பேர் அறியாத ஒரு வழிப்போக்கனின் பிள்ளைக்கு, நான்கு நாளைக்கு ஒருமுறை எண்ணெய் தேய்க்கவேண்டும் என்பது ஒரு மன்னரின் கடிதத்திலே இடம்பெறுகின்றது! நல்ல குடும்பத் தலைவி ஒருத்தி தன் வீட்டுப் பிள்ளைக்குச் செய்யும் ஒழுங்கே அது.

உண்மையை மறைத்துப் புகழ்வது அடியார்க்கு அழகன்று. அன்றைய உலகில் உண்ணும் பந்திகள் குலத்தால் பிரிந்தே இருந்தன. சத்திரங்களும் அதற்கு விலக்கல்ல. சோறு எல்லார்க்கும் உண்டு, பந்தி எல்லார்க்கும் ஒன்றன்று. அக்குறை தீர நூறாண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அதனைப் பின்னர்க் கூறுவேன்.

மன்னரின் வேண்டுகோள் பயனின்றிப் போகவில்லை. சத்திரங்கள் அவர் மேற்பார்வையிலேயே நின்றன. அவர் அதனோடு அமையாமல், 1802-ல் ஒரத்தநாட்டிலே முத்தாம்பாள் சத்திரத்தை நிறுவினார். தஞ்சைக்குத் தெற்கே ஏறத்தாழ 15 மைல். காலையில் தஞ்சையை விட்டவன் பொழுது சாய்வதற்குள் வந்து சேரும் தொலைவு. முற்றங்களும் தூண்களும் கொண்ட பெரிய கட்டடம் அது. மன்னரின் அன்புக்குரிய முத்தம்மாள் என்னும் பெண்மணி மகப்பேற்றின்போது உயிர் நீத்தார் என்றும், தம் பெயரால் ஒரு சத்திரம் வேண்டும் என்று இறுதியில் கேட்டார் என்றும் அப்பகுதியில் வழிவழியாகக் கூறுவர். இப்போது அந்தச் சுமைதாங்கிக் கல்லை நினைத்துப் பாருங்கள். ஏழை உழவன் தன் மகளுக்கு மூன்று கல்லை நட்டான். மன்னர் ஒரு மாளிகையைக் கட்டினார். துயரம் ஒன்றே, அது வெளிப்பட்ட வழியும் ஒன்றே. கருவுற்று வழி நடந்த எத்தனையோ பெண்கள் அச்சத்திரத்திலே சுமை இறக்கி, பிள்ளையைக் கையில் ஏந்திச் சென்றிருப்பர்.

ஒரத்தநாட்டை விட்டால் பட்டுக்கோட்டை. அதற்கு அப்பால் காற்றிலே உப்பு மணக்கும். தென்னந்தோப்புகள் கடலை மறைத்து நிற்கும். 2018 நவம்பரில் வந்த கஜா புயலில் அத்தோப்புகள் பட்ட பாட்டை அவ்வூரார் இன்னும் மறக்கவில்லை. கடற்கரையை அடைந்தால் சேதுபாவாசத்திரம் என்றே ஓர் ஊர்; சத்திரம் ஊரின் பெயராகவே நிலைத்துவிட்டது. அதன் அருகில் சரபோசி மன்னர் 1814–15-ல் எழுப்பிய மனோரா என்னும் எட்டு அடுக்குக் கோபுரம் கடலை நோக்கி நிற்கின்றது. நெப்போலியனை ஆங்கிலேயர் வென்றதற்கு நினைவுச்சின்னமாம்! தஞ்சை விவசாயிக்கும் நெப்போலியனுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கத் தோன்றும். அரசிழந்தவர் சிலவற்றைக் கட்டித்தான் சிலவற்றைக் காக்கவேண்டியிருந்தது போலும்.

பின்னர் மணமேற்குடி, கல்யாணராமர் எழுந்தருளியுள்ள மீமிசல், பாண்டி நாட்டின் பழந்துறையாகிய தொண்டி. வலப்புறம் பனையும் உடைமரமும், இடப்புறம் அலையடங்கிய கடலும் துணைவரும். உப்பூரிலே வெயிலுகந்த விநாயகரை வணங்கி, தேவிபட்டினத்திலே கடலுள் நிற்கும் நவபாஷாணக் கற்கள் ஒன்பதையும் தொழுது, நீராடி, சேதுகாவலராகிய சேதுபதிகளின் தலைநகரமாம் இராமநாதபுரத்தை அடைவர். சேதுபதிகளும் தம் எல்லையிலே யாத்திரிகர்க்குச் சத்திரங்கள் அமைத்துக் காத்தனர். மண்டபத்தோடு நிலம் முடியும். அப்பால் பாம்பனுக்குப் படகே துணை. காற்று எதிர்த்தால் கரையிலேயே காத்திருக்க வேண்டியதுதான்.

அந்தக் காத்திருப்பு 1914-ல் முடிந்தது. பாம்பன் இரயிற் பாலம் திறக்கப்பட்டது. தனுட்கோடி வரை இரயில் ஓடியது. 1964 டிசம்பர்ப் புயலில் தனுட்கோடி அழிந்துபட்டது. 1988-ல் சாலைப் பாலமும், 2025-ல் புதிய இரயிற் பாலமும் வந்தன. மாதக் கணக்கில் நடந்த வழி ஓர் இரவுப் பயணமாயிற்று. வசதியைப் பழிப்பதற்கில்லை, முதியோரும் நோயுற்றோரும் இன்று இராமநாதனைத் தரிசிப்பது இதனால் அன்றோ? ஆயினும் இரயில் வந்ததும் சேது வழியில் நடப்பவர் குறைந்தனர். சத்திரத்து அடுப்புகளும் ஒவ்வொன்றாக அவிந்தன.

அடுப்பு அவிந்தபின் மானியம் என்னாயிற்று என்று அறநிலைகளுக்குப் பொருள் வழங்கும் அன்பர்கள் கேட்பார்கள். கேட்கவேண்டிய கேள்வியே. 1855-ல் இரண்டாம் சிவாசி மன்னர் ஆண்மகவின்றி மறைந்ததும் சத்திரங்கள் கும்பினியின் கைக்குச் சென்றன; பின்னர் ஜில்லா போர்டின் பொறுப்பில் வந்தன. வழிப்போக்கர்க்கு விட்ட பொருள் கல்விக்கும் மருத்துவத்திற்கும் திருப்பப்பட்டது. திருவையாற்றில் 1881-ல் தொடங்கிய வடமொழிக் கல்லூரி சத்திர வருவாயில் வளர்ந்தது. சர் ஏ. டி. பன்னீர்செல்வம் அவர்கள் ஜில்லா போர்டின் தலைவராக இருந்த 1920-களில், தமிழவேள் உமாமகேசுவரனார் முதலியோர் முயற்சியும் துணைசெய்ய, அங்கே தமிழும் கற்பிக்கப்பட்டு, தமிழ் வித்துவான்கள் பலர் தோன்றினர். சத்திரச் சோறு எல்லாச் சமூகத்து ஏழை மாணவர்க்கும் உரியது என்னும் முறையும் அக்காலத்திலேதான் வந்தது. முன்னர்க் கூறிய பந்திக் குறை தீரத் தொடங்கிய இடம் இதுவே. ஒரத்தநாட்டு முத்தாம்பாள் சத்திரமும் மாணவர் விடுதியாயிற்று. தஞ்சை மாவட்டத்தில் ஆசிரியராகவும் அலுவலராகவும் விளங்கிய முதியோர் பலர், தாம் இளமையில் அச்சத்திரச் சோறு உண்டு படித்ததை நன்றியோடு சொல்வர். அனாதைப் பிள்ளைகளை ஆசிரியரிடம் ஒப்படைத்த பழைய ஏற்பாட்டை எண்ணினால், மானியம் தன் வழியை முற்றும் விட்டு விலகவில்லை என்றே தோன்றுகின்றது.

குடமுழுக்கைக் கண்டு களித்தபின் சேது யாத்திரைக்குப் புறப்படும் அன்பர்கள் இவ்வூர்ப் பக்கம் பலர் உளர். தஞ்சை வழியாகச் செல்வோர் பட்டுக்கோட்டைச் சாலையில் வண்டியை விடுக. வண்டி ஒரத்தநாட்டை அடையும்போது சிறிது நிறுத்தி, சத்திரத்தின் வாயிலில் இறங்கி நின்று, தூண்களைப் பாருங்கள். அங்கிருந்து தெற்கே செல்கையில் சாலையோரத்துப் புளியமரங்களின் அடியையும் கவனித்துக்கொண்டே செல்லுங்கள். இரண்டு கல்லின்மேல் ஒரு கல்லாக, புதர் மூடி, சுமைதாங்கி ஏதேனும் நின்றாலும் நிற்கும்.